கன்னக்கோல்

ஒன்பது மணிக்கு
அடையாள அட்டையைத் தொட்டுக் காட்டி உள்ளே வருகிறாள்
மாதச் சம்பளத் திருடி.
ஹில்லா கர்வோனன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.
சைக்கிள் தலைக்கவசத்தில் இன்னும் உதிராத பனிப்பொடி.
ஓலு நகரில் வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
போதாதாம்.
மூன்றாம் மாடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள்
இன்னும் பதினெட்டு டிகிரி குளிரை
மின்சாரம் செலவழித்து உண்டாக்குகிறாள்.

பெட்டிக்குள் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு.
என்றோ ஒரு நாள் யாருடைய காரிலோ
பிரேக்கோடு பேசப்போவது.
அதன் ஓரத்தில் ஓர் அறை. அறைக்குள் ஒரு சாவி.
செய்தவர்களும் அதைப் பார்த்ததில்லை.
கேட்டால் கையெழுத்துப் போடும்,
காட்டச் சொன்னால் செத்துப்போகும்.
அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

அவளுடைய கன்னக்கோல் சுவரைத் தொடுவதில்லை.
சில்லுக்குப் போகும் மின்னழுத்தத்தில் ஒரு பள்ளம்,
அவ்வளவுதான்.
முப்பத்தேழு நானோ நொடி அகலம்.
கண் ஒருமுறை இமைப்பதற்குள்
முப்பது லட்சம் தடவை கன்னம் வைத்துவிடலாம்.
பள்ளம் விழும் அதே கணத்தில்
பொய்க் கையெழுத்திட்ட நிரல் ஒன்றை நீட்டுகிறாள்.
சில்லு மறுக்கிறது.
மறுக்கிறது.
திரை நிறைய மறுப்பு, பச்சைப் பச்சையாய்,
இங்கே அதற்குப் பெயர் தேர்ச்சி.

வியாழக்கிழமை. கீழே பட்டாணி சூப்.
தட்டைக் கழுவ வைத்துவிட்டு வந்து பார்த்தால்
பதினோராயிரத்து நானூற்று ஆறாவது வரி சிவப்பு.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை.
ஆகஸ்டில் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள்.
ஆறு பேர் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.
டுவோமோ குனிந்து தரைக்கம்பியின் திருகை
இரண்டு விரலால் இறுக்கினான்.
பிழை போய்விட்டது.
ஒன்றும் சொல்லாமல் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.
அந்த ஒன்றும் சொல்லாதது
ஐந்து மாதமாக அவள் காதில் இருக்கிறது.

ஆகையால் திருகை இறுக்கினாள்.
கம்பியை மாற்றினாள். பலகையை மாற்றினாள்.
அறைச் சூட்டில் ஓட்டினாள்: வரவில்லை.
நூற்றிருபத்தைந்தில் ஓட்டினாள்: வரவில்லை.
நாளை நண்பகலில் இந்தச் சில்லுக்கு
எல்லோரும் ஒப்பமிடுகிறார்கள்,
கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது.
மறுபடி மைனஸ் நாற்பது.
துப்புரவுக்கு வந்தவர் விளக்கை அணைக்கப் பார்த்து
அவளைக் கண்டு மன்னிப்புக் கேட்டுப் போனார்.

ஒன்பது நாற்பதுக்கு இன்னொரு சிவப்பு.

பூட்டு திறந்தால் பூட்டுக்காரி அழ வேண்டும்,
திருடி சிரிக்க வேண்டும்.
இரண்டும் ஒரே ஆளாக இருந்தால்?
தொண்டைக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம்.
அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது,
இந்தக் குளிரில் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில்
அவளுக்குத் தெரியாத ஒருவரின் கார்.

அறிக்கையில் ‘சில சமயம்’ என்று எழுதி அழித்தாள்.
‘மிக அரிதாக’ என்று எழுதி அழித்தாள்.
‘கவனத்துக்கு’ என்பதையும்.
நாற்பதாயிரத்தில் இரண்டு என்று எழுதினாள்.

காலை ஏழரைக்கே டுவோமோ வந்துவிட்டான்.
“இரண்டு தடவையா?”
“இரண்டு தடவை.”
குனிந்து தரைக்கம்பியின் திருகைத் தொட்டான்.
அது அசையவில்லை.
சற்று நேரம் அப்படியே குனிந்திருந்தான்.
பிறகு மேல்கோட்டைக் கழற்றி
அவள் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு
கேக்குக் கடைக்குப் போன் செய்தான்.

சனிக்கிழமை விடியலில் அவள் கீழே இறங்கினாள்.
கார்கள் கம்பத்தில் கயிறு கட்டிய மாடுகளாய்
சூடேற்றும் மின்கம்பியில் வரிசையாக நின்றன.
சைக்கிள் பூட்டில் பனி இறுகியிருந்தது.
உண்மையான சாவி, உண்மையான உரிமைக்காரி.
திறக்கவில்லை.
மண்டியிட்டு அதன் வாயில்
ஊதிக்கொண்டே இருந்தாள்.